ஓட்டெடுப்பு இல்லாமல் கமிட்டி நடத்துவது எப்படி? குவேக்கர் முறை, படிப்படியாக

வட அமெரிக்காவில் ‘குவேக்கர் எர்த்கேர் விட்னஸ்’ என்று ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு 1987-லிருந்து இயங்கி வருகிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சிலர் உண்டு. ஆனால் கொள்கையை முடிவு செய்வது கமிட்டிகள்தான், அதுவும் ஓட்டெடுப்பே இல்லாமல். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் இந்தப் பொதுவான முறையில் ஒரு விஷயம் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம். இதை முயன்று பார்க்க நீங்கள் குவேக்கராக இருக்க வேண்டியதில்லை.

படி 1: பெரிய கமிட்டி

மேலே ஸ்டீயரிங் கமிட்டி. வட்டாரம் வட்டாரமாக உள்ள குவேக்கர் சபைகள் தங்கள் பிரதிநிதிகளை அனுப்புகின்றன. கூடவே பொது உறுப்பினர்கள் சிலரும் உண்டு.

படி 2: ஆள் தேடும் கமிட்டி

பதவிக்கு யாரும் போட்டியிடுவதில்லை. நாமினேட்டிங் கமிட்டி எந்த வேலைக்கு யார் பொருத்தம் என்று யோசித்து, அவர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கி, பெயரைக் கூட்டத்தின் முன் வைக்கும். முதலில் அமைக்க வேண்டிய கமிட்டி இதுதான் என்பேன். இது சரியாக அமையாவிட்டால் சத்தமாகப் பேசுபவர்களே எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துவிடுவார்கள்.

படி 3: பச்சையாகக் கொண்டுவராதீர்கள்

சிறு குழுக்களுக்குக் கொடுக்கும் நிதியின் வரம்பை உயர்த்த வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுகிறது என வைத்துக்கொள்வோம். அதை நேராகப் பெரிய கூட்டத்தில் போட்டு உடைக்கக் கூடாது. நிதிக் கமிட்டி முதலில் கணக்குப் பார்த்து, வாசகம் எழுதித் தரட்டும். சிக்கலான விஷயமா? அப்படியென்றால் அலசிப் பேச மட்டும் தனியாக ஒரு கூட்டம் போடுவார்கள். அங்கே முடிவெடுக்கவே கூடாது என்பது விதி.

படி 4: கூட்டம்

கூட்டம் மௌனத்தில் தொடங்கும். நடத்துபவர் பெயர் கிளார்க். ஒருவர் பேசி முடித்ததும் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் அடுத்தவர் பேச வேண்டும். ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. கிளார்க் தன் கட்சியை வாதாடக் கூடாது. அந்த விஷயத்தில் அழுத்தமான கருத்து இருந்தால் மேசையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும்.

பேச்சு ஒரு பக்கமாகக் கனிவது தெரிந்ததும், கூட்டம் எங்கே வந்து நிற்கிறது என்பதை இரண்டு மூன்று வரியில் அங்கேயே எழுதி உரக்கப் படிப்பார்கள். “இந்த ஆண்டு வரம்பை உயர்த்துகிறோம்; அடுத்த கூட்டத்தில் மறுபடி பார்ப்போம்” என்பது போல. யாராவது “அப்படி நாம் சொல்லவில்லையே” என்றால் வரியைத் திருத்தி மறுபடி படிப்பார்கள். ஏற்கும்போது அமெரிக்காவில் “அப்ரூவ்ட்” என்பார்கள், பிரிட்டனில் “ஹோப் ஸோ” (அப்படித்தான் என நம்புகிறேன்) என்பார்கள். இந்த முறையிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பு பத்து நாள் கழித்து மெயிலில் வருவதில்லை என்பதால், யார் என்ன சொன்னார் என்ற தகராறு பாதி அங்கேயே அடங்கிவிடும்.

படி 5: ஒருவர் ஒப்பவில்லை என்றால்

“எனக்கு உடன்பாடில்லை, ஆனால் குறுக்கே நிற்கவில்லை” என்று ஒதுங்கிக்கொள்ளலாம். எதிர்ப்பு ஆழமானது என்று தெரிந்தால் விஷயத்தைத் தள்ளிவைப்பார்கள்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. 1688-ல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமைமுறையை எதிர்த்து ஒரு மனு எழுதினார்கள். குவேக்கர்களின் உள்ளூர் மாதக் கூட்டம் ‘இது எங்களால் ஆகாத பெரிய விஷயம்’ என்று அதற்கு மேலுள்ள காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. அது இன்னும் மேலே உள்ள ஆண்டுக் கூட்டத்துக்குத் தள்ள, அங்கே கிடப்பில் போட்டார்கள். பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், உறுப்பினர்கள் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்தது 1776-ல்! ஆகவே தள்ளிவைக்கும்போதே, அடுத்து எந்தத் தேதியில் யார் எடுத்து வருவார் என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

படி 6: கமிட்டியை மூடுங்கள்

வேலை முடிந்த கமிட்டியைக் குவேக்கர்கள் முறைப்படி கலைத்துவிடுகிறார்கள். நன்றி சொல்லி, அதையும் ஒரு குறிப்பாக எழுதி, கூட்டத்தில் படித்து ஏற்றுவிட்டு, மிச்ச வேலை இருந்தால் வேறு கமிட்டியிடம் கொடுத்துவிடுவார்கள். உங்கள் குழுவில் கமிட்டி அமைக்கும்போதே எப்போது மூடலாம் என்று மறுபரிசீலனைக்கு ஒரு மாதம் குறித்துவிட்டால், இது யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் நடக்கும்.