படகு எண்ணிலிருந்து படம் தொடங்காதீர்கள்

போன ஞாயிறு காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு தம்பி விசைப்படகை வரைந்துகொண்டிருந்தான். ஏலச் சத்தம் அடங்கியிருந்த நேரம். எட்டிப் பார்த்தேன். படகின் பக்கவாட்டில் எழுதியிருந்த பதிவு எண்ணை, பெயிண்ட் உரிந்த இடம் உட்பட, அச்சு அசலாகப் போட்டிருந்தான். படகின் உருவம் இன்னும் தாளில் வரவேயில்லை. நானும் இதே தவறைச் செய்தவன்தான்.

பென்சில் சீவுவது, ரப்பர் போடுவதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். வரையப் பழகுகிறவர்கள் செய்யும் நான்கு தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நுணுக்கத்தில் ஆரம்பிப்பது

1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தை வரைந்து தரச் சொல்லி ஒருவர் எனக்கு முன்பணம் கொடுத்தார். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடிமனான காட்டன் தாள் வாங்கினேன். இடது ஓரத்துத் தூணில் தொடங்கி, நிழல் வரைக்கும் முடித்துவிட்டுத்தான் அடுத்த தூணுக்குப் போனேன். கட்டடம் பாதி இருக்கும்போதே தாள் முடிந்துவிட்டது. மூன்று ஞாயிறு போச்சு, தாள் போச்சு, முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

ஒன்றையே உற்றுப் பார்த்தால் கை அதைப் பெரிதாக வரைந்துவிடும். அதனால் முதலில் அளக்க வேண்டும். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் படகின் உயரத்தைப் பிடியுங்கள். அது நீளத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று பாருங்கள். மேல், கீழ், இடம், வலம் என நான்கு எல்லைகளைத் தாளில் மெல்லக் குறியுங்கள். அப்புறம் பெரிய உருவம், பக்கத்துப் படகுக்கும் இதற்கும் நடுவில் தெரியும் வானத்தின் வடிவம். எண் கடைசியில்.

அந்தத் தம்பியையும் அளக்கச் சொன்னேன். எண் படகு நீளத்தில் எட்டில் ஒரு பங்குதான். அதையே அவன் 8 சென்டிமீட்டருக்குப் போட்டிருந்தான். அந்தக் கணக்கில் படகுக்கு 64 சென்டிமீட்டர் வேண்டும். கையில் இருந்ததோ ஏ4 தாள்.

“அளந்து வரைந்தால் அது கலையா அண்ணா?” என்றான். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஓவியர் வான்கோ 1882இல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருந்தபோது, அளவு பிடிக்க நூல் கட்டிய மரச்சட்டம் ஒன்றைச் செய்வித்து ஸ்கெவனிங்கன் கடற்கரைக்குத் தூக்கிப்போனார். அந்த நூல்களின் ஊடே பார்த்துத்தான் வரைந்தார். அதுவும் மீனவர் ஊர்தான்.

நிழலுக்கு வெறும் கறுப்பு

வேண்டாம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்து பாருங்கள்.

மெல்லிய தாளில் வாட்டர் கலர்

சுருண்டுவிடும்.

போனில் மட்டும் சிற்பம் பார்ப்பது

எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் செப்புச் சிலை இருக்கிறது. சோழர் காலத்தது. முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். இடுப்பு எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். பக்கவாட்டுக்கும் நகர்ந்து பாருங்கள். போன் படத்தில் அந்தப் பக்கம் கிடையாது.