பிள்ளைக்குக் கரிகாலன் என்று பெயர் வைக்குமுன்

காவிரிப் படுகையில் இந்தப் பெயரை எடுத்ததுமே வீட்டில் முதல் தடை பெரும்பாலும் பாட்டியிடமிருந்துதான் வரும். "கரின்னும் வருது, காலன்னும் வருது, பச்சப்புள்ளைக்கு இந்தப் பேரா?" நியாயமான கேள்வி. இதற்குச் சரியான பதில் தெரியாததால் கடைசி நேரத்தில் வேறு பெயருக்கு மாறிவிடுகிறவர்கள் உண்டு. எனவே முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. ஒன்று, கரிந்த கால் உடையவன். சங்ககாலச் சோழ மன்னன் கரிகாலன் சிறுவனாக இருந்தபோது பகைவர் வைத்த தீயிலிருந்து தப்பினான், அதில் கால் கருகியது என்பது கதை. சுடப்பட்டும் உயிர் பிழைத்த சோழன் மகன் என்று பழமொழி நானூறு சொல்கிறது. பொருநராற்றுப்படையின் இறுதியில் உள்ள வெண்பா, மூவுலகையும் அளக்க நீண்ட கால் நெருப்புப் பட்டதால் இந்த உலகை மட்டும் அளந்தது என்கிறது. அதே வெண்பா அவன் நாட்டை, அரிகால்மேல் தேன் கூடு தொங்கும் நாடு என்று பாடுகிறது. அறுத்த வயலில் நிற்கும் நெல்தாள்தான் அரிகால். வெண்பா நூலுக்குப் பின்னால் சேர்ந்ததாக இருந்தாலும், நம் மண்ணை இவ்வளவு அழகாகச் சொல்லும் வரி வேறு எங்கே கிடைக்கும்?

மற்றொன்று, கரி என்றால் யானை, காலன் என்றால் எமன். பகைவரின் யானைகளுக்கு எமன். இது வடசொல் வழியில் பிற்காலத்தில் பிரித்த பொருள். மேடைக்கு நன்றாக இருக்கும். ஆனால் சங்கப் பாட்டில் பெயர் நிற்கும் விதம் இதற்கு இடம் தரவில்லை. அங்கே அவன் "கரிகால் வளவன்". பெயர் 'கால்' என்று முடிகிறது, 'காலன்' என்று அல்ல. 'அன்' பிற்பாடு ஒட்டியது. பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: பெயரில் எமன் இல்லை, தீயைத் தாண்டி வந்த கால்தான் இருக்கிறது.

மூலத்தைத் தேடிப் படிக்க விரும்பினால் புறநானூறு 66-இல் தொடங்குங்கள். "களியியல் யானைக் கரிகால் வளவ" என்று அவனை நேரே அழைக்கும் பாட்டு அது. பாடியவர் வெண்ணிக் குயத்தியார், கரிகாலன் சேரனை வென்ற போர் நடந்த வெண்ணி ஊரைச் சேர்ந்தவர். வென்றவனைப் பார்த்து, உன்னைவிட நல்லவன் அல்லவா முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் (வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து உயிர்விட்ட அந்தச் சேரன்) என்று கேட்கிற துணிச்சல் அந்தப் பாட்டில் இருக்கிறது. வெண்ணிதான் இன்றைய கோவில்வெண்ணி, நீடாமங்கலத்துக்குப் பக்கம், கரும்பேஸ்வரர் கோயில் உள்ள ஊர். அடுத்துப் பொருநராற்றுப்படை, "தாய்வயிற் றிருந்து தாயம் எய்தி", அதாவது கருவில் இருக்கும்போதே அரசுரிமை பெற்றவன் என்கிறது. பிறகு பட்டினப்பாலை. அதில் "காடுகொன்று நாடாக்கிக் குளந்தொட்டு வளம்பெருக்கி" என்ற வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பெயர் சூட்டு அழைப்பிதழில் போட அதைவிடப் பொருத்தமான வரி இல்லை. 'கல்லணை கட்டியவன்' என்று அழைப்பிதழில் போடுவதும் உண்டு. அது நம் ஊர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. கல்லணை என்ற சொல் இந்தப் பாட்டுகளில் இல்லை. காவிரிக்குக் கரை எடுத்ததைப் பிற்காலச் செப்பேடுகள் சொல்கின்றன.

இன்னொரு கரிகாலனும் உண்டு. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலன், சங்ககாலச் சோழனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். அவர் கொல்லப்பட்டதையும் கொன்றவர்களின் சொத்து பறிமுதலானதையும் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. "அற்பாயுசுல போன பேரு" என்று யாராவது சொன்னால் அவர்கள் மனத்தில் இருப்பது இவர். நீங்கள் யாரை நினைத்து வைக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நட்சத்திர எழுத்துப் பார்க்கும் குடும்பங்கள் இங்கே மலைத்து நின்றுவிடுவார்கள். 'க' மிருகசீரிடம் மூன்றாம் பாதத்துக்கு உரிய எழுத்து. பிள்ளை வேறு நட்சத்திரம் என்றால் மன்னனை மாற்ற வேண்டியதில்லை, அவனுடைய வேறு பெயரை எடுத்தால் போதும். ரோகிணி இரண்டாம் பாதத்துக்கு 'வ', எனவே வளவன். விசாகத்துக்கு 'தி', பட்டினப்பாலை சொல்லும் திருமாவளவன். சித்திரைக்கு 'பே', நெடில் குறில் பார்க்காத வீடுகளில் பெருவளத்தான். அசுவினி என்றால் 'சே'. அதற்குச் செங்கணான் இருக்கிறது. அது வேறொரு சோழனின் பெயர், மாடக்கோயில்கள் கட்டிய கோச்செங்கட் சோழன். நல்ல நேரத்துக்காகத் தாய் பிரசவத்தைத் தள்ளிப்போட்டதால் சிவந்த கண்ணோடு பிறந்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் எழுத்து சற்று மாறும், உங்கள் ஜோதிடர் வைத்திருப்பதை ஒருமுறை சரிபாருங்கள்.

பெயர் ஊரில் எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? இணையத்தில் உள்ள 'பிரபலமான பெயர்கள்' பட்டியல்களை நம்ப வேண்டாம், எதை வைத்து எண்ணினார்கள் என்று அவற்றில் பெரும்பாலும் இருக்காது. உங்கள் ஊர் வாக்காளர் பட்டியலின் ஒரு பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் வயதும், தந்தை அல்லது கணவர் பெயரும் அதில் இருக்கும். கோப்பில் சொல்லைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, வரிவரியாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். வாக்காளர் பெயரில் எத்தனை, தந்தை பெயரில் எத்தனை என்று தனித்தனியே குறியுங்கள். தந்தை வரிசையில் மிகுந்தும் இளைஞர் வரிசையில் குறைந்தும் இருந்தால் பெயர் வழக்கொழிகிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இதில் வரமாட்டார்கள், அவர்களுக்கு அங்கன்வாடியில் கேட்கலாம். வகுப்பில் இரண்டு கரிகாலன் இருந்தால் ஒருவன் காலம் முழுக்கத் தலைப்பெழுத்தோடுதான் அழைக்கப்படுவான்.

வாய்க்கு எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். வாசலில் நின்று தெருமுனைக்குக் கேட்கும்படி நாலைந்து முறை கூப்பிடுங்கள். நீளமான பெயர் என்பதால் கட்டாயம் சுருங்கும். நீங்களே ஒரு செல்லப்பெயர் கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடத்தில் 'கரி' என்று சுருக்கிவிடுவார்கள், நிறத்தைச் சொல்லிக் கேலியும் செய்வார்கள். இது பிள்ளையை உண்மையாகவே புண்படுத்தும். முதல் நாளிலிருந்தே 'வளவா' என்று வீட்டில் கூப்பிட்டுப் பழக்கிவிட்டால் அதுவே ஊரிலும் நிலைக்கும். இதற்காகவே பதிவில் 'கரிகால்வளவன்' என்று வைப்பது நல்லது. எழுதும்போது ஒரு நுணுக்கம்: வளவன் சேரும்போது 'ல்' மாறாது. பெருவளத்தான் சேரும்போது 'ற்' ஆகும், கரிகாற்பெருவளத்தான். 'கரிகாலச் சோழன்' என்பதைவிட 'கரிகாற்சோழன்' பழைய வடிவுக்கு நெருக்கம்.

இனி ஆவணம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை அப்போதே தர வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவமனையிலிருந்து கிளம்பும் அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு அலைவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு, பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருமுறை ஏறிய பெயரில் எழுத்துப்பிழை திருத்தலாம். வேறு பெயராக மாற்றுவது எளிதல்ல, அரசிதழ் வழியாகப் போக வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் முதலியவற்றில் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம் என்பதால் இங்கே நேரும் பிழை எல்லா இடத்துக்கும் கூடவே வரும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் அதிகச் சிக்கல். கே, ஏ, ஆர், ஐ, கே, ஏ, எல், ஏ, என் என்ற ஒன்பது எழுத்து போதும். உச்சரிப்பைப் பார்த்து நடுவில் 'ஜி' போடுகிறவர்களும், எண் கணிதத்துக்காக இன்னொரு 'ஏ' சேர்க்கிறவர்களும் உண்டு. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் பிறப்புச் சான்றிதழில் உள்ளதைத் துளியும் மாற்றாமல் ஆதாருக்கும் பள்ளிக்கும் கொடுங்கள். ஒரு எழுத்து வேறுபட்டாலும் பிற்பாடு ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயரை நீங்களே கையால் எழுதிக் கொடுத்து, கணினியில் ஏற்றியதைப் பதிவாகுமுன் திரையில் பாருங்கள். 'ரி' 'றி' ஆகியிருக்கும், 'லன்' 'ளன்' ஆகியிருக்கும்.

பெயர் சூட்டும் நாளில், அது பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ உங்கள் வீட்டு வழக்கப்படி, தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி முழுப்பெயரை எழுதுங்கள். தாய்மாமனோ அத்தையோ பிள்ளையின் வலக்காதில் மூன்று முறை சொல்லட்டும். அப்போது நாக்கில் தேன் தடவும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரின் வித்துகள் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். சர்க்கரைத் தண்ணீரும் தேவையில்லை, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். விரலில் தேனோடு நிற்கும் பெரியவர் கையில் கொஞ்சம் பச்சரிசியைக் கொடுத்து, பெயரின் முதல் எழுத்தை எழுதச் சொல்லுங்கள்.