கையைத் தூக்கினால் சட்டை மேலேறுகிறதா?

என் மைத்துனருக்கு மார்பு 44 அங்குலம். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் சட்டை பேண்ட்டை விட்டு வெளியே வந்துவிடும். மார்பளவில் நான்கில் ஒரு பங்கு என்ற வாய்பாட்டின்படி கைக்குழி (சட்டையில் கை இணையும் துளை) ஆழம் 11 அங்குலம் வந்திருந்தது. உடம்பு பெருத்தால் அக்குளுமா கீழே இறங்கும்? அக்குளில் ஸ்கேலைக் கிடையாக வைத்து, பின்கழுத்து எலும்பிலிருந்து அந்த மட்டம் வரை அளந்தேன்: 9½. அசைவுக்கு முக்கால் அங்குலம் சேர்த்து, கைக்குழியை மேலே ஏற்றி வரைந்தேன். சட்டைக் கையின் மேல் வளைவையும் ஒரு அங்குலம் தணித்து, புஜத்தில் அகலம் கொடுத்தேன். உயரமான வளைவு தொங்கும் கைக்குத்தான் அழகு. வளைவின் நீளம் கைக்குழிச் சுற்றைவிட அரை அங்குலம் கூடுதலாக இருக்கிறதா என்று டேப்பை விளிம்பில் நிறுத்தி அளந்துகொண்டேன். முதலில் காடாத் துணியில் தைத்துக் கொடுத்தேன்; மைத்துனர் போட்டுப் பார்த்தார். இப்போது கையைத் தூக்கினால் கீழ் ஓரம் கொஞ்சம்தான் அசைகிறது. அக்குளருகே சிறிது துணி மடிகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.