‘கட்’ என்று வந்ததும் வெட்டிவிடாதீர்கள்

சிங்கப்பூரில் பதினெட்டு ஆண்டுகளாக ஆங்கில அறிவிப்புகளைத் தமிழாக்கி வருகிறேன். சென்ற வாரம், வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவரின் வரைவைத் திருத்த உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டது. என் முதல் ஆண்டில் நான் செய்த அதே பிழை, அதே ஆங்கிலச் சொல்லில்: ‘கட்’.

அகராதியைத் திறந்தால் முதலில் ‘வெட்டு’ என்று இருக்கும். அதை எல்லா இடத்திலும் போடக்கூடாது என்பது யாருக்கும் தெரியும். ஆகவே அதை விட்டுவிட்டு, தெரிந்தவர்களே வழுக்கி விழும் இடங்களைச் சொல்கிறேன்.

‘பை’யா, ‘டு’வா?

ஆங்கிலத்தில் ‘கட் பை’ என்றால் அவ்வளவு குறைத்தார்கள் என்று பொருள். ‘கட் டு’ என்றால் அவ்வளவாகக் குறைத்தார்கள் என்று பொருள். தமிழில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது ‘ஆக’ என்ற இரண்டே எழுத்து. அது விட்டுப்போனால் வாக்கியம் உடைவதில்லை. இலக்கணப் பிழை எதுவும் கண்ணில் படுவதுமில்லை. எண் மட்டும் பொய்யாகிவிடும்.

நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1985-இன் பொருளியல் மந்தநிலைக்குப் பிறகு, 1986-இல், ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளிகள் செலுத்தும் விகிதம் 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மாதம் 1,000 வெள்ளி வாங்கியவருக்கு முதலாளி கட்டிய 250 வெள்ளி, 100 வெள்ளியானது. இதையே ‘10 விழுக்காடு குறைக்கப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள். 25-இல் 10 போக மீதி 15 என்று ஒருவர் கணக்கிட்டு, 150 வெள்ளி வரும் என்பார். 25-இல் பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது என்று இன்னொருவர் கணக்கிட்டு, 225 வெள்ளி என்பார். உண்மைத் தொகையான நூறு வெள்ளிக்கு இருவருமே வந்து சேர மாட்டார்கள்.

என் பிழைக்கு வருகிறேன். ஒரு கட்டுமான நிறுவனம், ஊழியர்களின் மிகைநேர வேலை இனி மாதத்துக்கு 48 மணி நேரம்தான் என்று ஆங்கிலத்தில் அறிவித்தது. சட்டப்படி மாதத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேரம் பார்க்கலாம். அங்கே பலரும் அந்த எழுபத்திரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலத்தில் ‘கட் டு 48’ என்று இருந்தது. நான் எழுதியது: ‘மிகைநேர வேலை மாதத்துக்கு 48 மணி நேரம் குறைக்கப்படும்.’ தாள் துவாஸில் ஒரு தங்குவிடுதியின் அறிவிப்புப் பலகைக்குப் போனது.

72-இல் 48 போனால் மீதி 24. அந்தத் தாளைப் படித்த ஒவ்வொருவரும் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்குச் சம்பளம். ஏஜெண்ட் கடனையும் ஊருக்கு அனுப்பும் பணத்தையும் அதை வைத்துத்தான் அவர்கள் சமாளித்து வந்தார்கள். மறுநாள் காலையில் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். திருத்திய தாளை எடுத்துக்கொண்டு நானே போனேன். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் பழைய தாளைக் கிழிக்காமல், அந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினார். “அண்ணே, 48 குறையும்னுதானே போட்டிருக்கு?” அவர் இரவே வீட்டுக்குப் பேசி, கட்டிக்கொண்டிருந்த வீட்டு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. சுவர் பாதியில் நின்றது மழைக்காலத்தில்.

இன்றும் எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. ஒற்று மிகுமா மிகாதா என்று அரை மணி நேரம் வாதாடுபவர்கள், எண்ணைத் திரும்பப் பார்ப்பதில்லை. குறைப்பு என்று வந்தால் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள்: ‘72 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக’. மூலத்தில் பழைய எண் இல்லையென்றால் அனுப்பியவரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவே கூடாது. விழுக்காட்டில் இன்னொரு குழி இருக்கிறது. 25 விழுக்காடு 10 விழுக்காடாக மாறுவது பதினைந்து விழுக்காட்டுப் புள்ளிக் குறைவு. அதைப் ‘15 விழுக்காடு குறைவு’ என்று எழுதினால் 21.25 என்று ஆகிவிடும்.

கையில் காயம்

ஆங்கிலத்தில் ஒருவர் தன் கையைக் ‘கட்’ செய்துகொண்டார் என்றால், பெரும்பாலும் கவனப்பிசகாக நேர்ந்த காயம். அதை மருந்தகத்தில் ‘கையை அறுத்துக்கொண்டார்’ என்று சொன்னால், கேட்பவர் நெஞ்சு பதறும். வேண்டுமென்றே செய்துகொண்டதாகத்தான் தமிழில் படும். ‘விரலை வெட்டிவிட்டார்’ என்றால் விரலே போய்விட்டது. ‘கையில் கத்தி பட்டுவிட்டது’, ‘தகடு கிழித்துவிட்டது’ என்று சொல்லுங்கள். நம் பேச்சு அப்படித்தான்: கத்தி படும், முள் கீறும், கண்ணாடி கிழிக்கும்.

கட்-ஆஃப்

பள்ளிச் சேர்க்கைத் தாள்களில் இதைக் ‘குறைந்தபட்ச மதிப்பெண்’ என்று எழுதும் பழக்கம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. இங்கே அது தலைகீழ். 2021 முதல், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்டுகிறார்கள். ஆகச் சிறந்தது 4, ஆகக் கடைசி 32. எண் குறையக் குறைய நல்லது. ஆக, கட்-ஆஃப் என்பது இடம் கிடைத்த கடைசி மாணவரின் எண், அதாவது இடம் கிடைத்தவர்களின் எண்களிலேயே பெரியது. ‘கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்’ என்று விரித்தே எழுதுங்கள். பெற்றோர் அதைப் பார்த்துத்தான் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வரிசை

ஆங்கிலத்தில் ‘கட் கியூ’ என்பார்கள். தமிழில் வரிசையை யாரும் வெட்டுவதில்லை, இடையில் புகுகிறார்கள்.

ஒருபொருட் சொற்களை நம்புதல்

‘ஸ்லாஷ்’, ‘டிரிம்’ இரண்டும் ‘கட்’டுக்கு ஈடு என்று பட்டியலில் இருக்கும். ஒன்று அதிரடியாகக் குறைப்பது, மற்றொன்று ஓரத்தில் கொஞ்சம் தட்டிவிடுவது. இரண்டையும் ‘குறைத்தது’ என்று மட்டும் எழுதினால் செய்தியில் பாதி போய்விடுகிறது.

சமையல் குறிப்பில் நமக்கு இருக்கும் செல்வத்தையே மறந்துவிடுகிறோம். என் அம்மா அடுக்குமாடி புளோக் வீட்டிலும் கடைசிவரை அரிவாள்மணையில்தான் அரிந்தார். வெங்காயம் அரிவார், கீரையை ஆய்ந்து அரிவார், பீன்ஸைப் பொடியாக நறுக்குவார், பச்சை மிளகாயைக் கீறுவார், மாங்காயைச் சீவுவார், மல்லித்தழையைக் கிள்ளிப் போடுவார். ‘வெட்டு’ என்ற சொல் பூசணிக்காய்க்கு மட்டும்தான். ‘ஸ்லைஸ்’, ‘சாப்’, ‘மின்ஸ்’ மூன்றுக்கும் வரிசையாக ‘வெட்டவும்’ என்று எழுதியவர்களைப் பார்க்கும்போது, அந்தச் சமையலறையில் அவர்களைப் பத்து நிமிடம் உட்கார வைக்கத் தோன்றும்.

மரம்

சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தில் கிளை கழிக்கிறார்கள். ‘மரம் வெட்டும் பணி’ என்று எழுதினால் மரமே போகப்போகிறது என்று குடியிருப்பாளர் பயப்படுவார்.

வெட்டே சரியான இடம்

நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தின்போது, ஓர் அமைச்சின் ஒதுக்கீட்டில் நூறு வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் முன்மொழிவார். அதையும் ஆங்கிலத்தில் ‘கட்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த அமைச்சின் கொள்கையைப் பற்றிப் பேச அது ஒரு வழி. இதை ‘நிதிக் குறைப்பு’ என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். படிப்பவர் அமைச்சுக்குப் பணம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இதற்கு ‘வெட்டுத் தீர்மானம்’ என்று நல்ல சொல் இருக்கிறது. அதையே போடுங்கள். விவாதம் முடிந்ததும் உறுப்பினர் அதை மீட்டுக்கொள்வார். அந்த நூறு வெள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும்.