எவர்சில்வரை உலையில் ஒட்டுவது எப்படி

காசிமேட்டுப் பட்டறையில் சாதா இரும்பை வெண்காரம் (போராக்ஸ்) தூவி, காய்ச்சி அடித்து ஒட்டுகிற மாதிரி எவர்சில்வரை ஒட்ட முடியாது. எவர்சில்வரில் பரவலான 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம். சூடேறும்போதே அது காற்றோடு சேர்ந்து படலமாகிவிடும், அந்தப் படலம் உருக 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், வெண்காரமும் அதை லேசில் கரைக்காது.

அதனால் காற்றையே உள்ளே விடாதீர்கள். தகடுகளைப் பளபளவென்று தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, விரல் படாமல் அடுக்கி, சுற்றிலும் ஆர்கான் வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டைகூட இல்லாமல் அடைத்துவிடுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் ஒரு மூலையை விட்டுவிட்டேன், பிளந்து பார்த்தால் அந்த இடம் முழுக்கக் கருத்து, ஒட்டவே இல்லை.

அப்புறம் உலையில் 1,150லிருந்து 1,200 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சுங்கள். எவர்சில்வரில் சூடு மெதுவாகத்தான் பரவும், நடுவரை ஊறட்டும். முதல் சுத்தியல் அடிகள் லேசாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு. அந்தப் படலத்தைக் கரைக்கப் போடும் புளோரைடு பவுடர் மட்டும் சந்துப் பட்டறையில் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை நுரையீரலை அரித்துவிடும்.