கோல்டன் பீச்சுக்கு முன்னால் தாலுகா ஆபீஸ்

பிள்ளைகளோடு சென்னைக்குப் போகிறவர்கள் இஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆனால் விமானம் ஏறுவதற்கு முந்தின நாளாக அது இருக்க வேண்டாம். நான் அப்படித்தான் வைத்தேன். மூன்று வாரத்தில் மகளுக்கென்று இருந்த ஒரே நாள். அதையும் ஒரு தாலுகா அலுவலகம் தின்றுவிட்டது.

அப்பாவின் வீட்டில் என் பங்கைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டும் என்றார் சித்தப்பா. "நீதான் லண்டனோட போயிட்டியேப்பா, கடைசி வரைக்கும் பார்த்தவன் அவன்." மறுத்துப் பேச வாயில்லை. அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகப் பின்னால் நிற்கிறது. "இந்த ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படி சார் நம்புறது?" அப்பா பெயரைத்தான் இருபது வருடமாக ஊர் ஊராகச் சுமக்கிறேன், அவர் மகன்தான் என்பதற்கு நான்கு நாள் வரிசையில் நின்றேன். நான்காம் நாள் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு இன்னொரு நகல் கேட்டார்கள். ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை.

இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கான ஆவணங்களைப் புறப்படும் முன்பே திரட்டிவிடுங்கள். போக முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, தங்கள் சார்பில் இன்னொருவர் கையெழுத்திடப் பவர் பத்திரம் அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சரி, வி.ஜி.பி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. வார இறுதியில் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெரிசல் இன்னும் மோசம், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். கடலில் கால் நனைத்தால் போதும், அந்தப் பக்கத்து அலை இழுக்கும். புதிதாக ஏதாவது பார்க்க வேண்டுமானால் 2019-இல் திறந்த கடல்வாழ் உயிரினக் காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது.

எனக்கு அது 1997-க்கு முந்தின இடம். யுனிவர்சல் கிங்டம் என்று பெயர் மாறி ராட்சத ராட்டினங்கள் பெருகுவதற்கு முன்னால் அது வெறும் கோல்டன் பீச்: சவுக்கு நிழல், மணல், சினிமாப் படப்பிடிப்பு, அப்புறம் சிலை மனிதர். தலைப்பாகையும் மீசையுமாக அசையாமல் நிற்பார். சிரிக்க வைத்தால் பரிசு என்பார்கள். நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன், அப்பாதான் சிரித்தார். லண்டன் அரண்மனைக் காவலர்களைப் பார்த்துவிட்டு வந்துதான் அப்படி ஒருவரை நிறுத்தினாராம் நிறுவனர். என் மகளுக்கு அந்தக் காவலர்கள் ரயிலில் அரை மணி தூரம். அவள் பஞ்சுமிட்டாய் கேட்டாள்.

அந்த நிறுவனர் வி.ஜி.பன்னீர்தாஸ். பூங்காவுக்கு முன்பே ரேடியோவையும் கடிகாரத்தையும் தவணையில் விற்று, மாதச் சம்பளக்காரர்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர். எங்கள் ரேடியோவும் அப்படி வந்ததுதான். வாரிசுச் சான்றிதழுக்காக பீரோவைக் குடைந்தபோது அந்தத் தவணை அட்டை கிடைத்தது. மாதாமாதம் அப்பா கட்டியதற்கெல்லாம் வரிசையாகக் கையெழுத்து. மேலே அவர் பெயர், இரண்டு இனிஷியலோடு. வீட்டுப் பத்திரத்தில் அவருக்கு ஒரே இனிஷியல்.

அட்டையைத் தாலுகா ஆபீஸ் பைலில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.