கேமராவைப் பொத்திப் பொத்தி வைப்பதில் நடக்கும் தவறுகள்

அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் வைகைக்குள் கேமராவோடு நின்றவர்களுக்குத் தெரியும், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்லவே முடியாது. கள்ளழகர் வேடம் போட்டவர்கள் ஆட்டுத்தோல் துருத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பீய்ச்சியடித்தபடியே வருவார்கள். முதல் வருடம் அதற்குப் பயந்து கேமராவைப் பாலிதீன் கவரில் சுற்றி, பைக்குள் வைத்து, பைக்கு மேல் மழை உறையும் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். எனக்கு இரண்டடி முன்னால் ஒரு அப்பா, அவர் தோளில் நாலு வயதுப் பிள்ளை. பிள்ளைக்கும் அதே வேடம், கையில் குட்டித் துருத்தி. அது திடீரென்று அப்பாவின் தலையிலேயே பீய்ச்சிவிட்டது. அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அண்ணாந்து சிரித்தார். நான் மழை உறையை உருவி, ஜிப்பைத் திறந்து, கவரைப் பிரித்து, லென்ஸ் மூடியைக் கழற்றி, ஸ்விட்சைப் போட்டு நிமிர்ந்தேன். அதற்குள் கூட்டம் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கேமரா மட்டும் சொட்டு நனையாமல் இருந்தது.

அதிலிருந்து எந்தப் பாதுகாப்புச் சாமானைப் பார்த்தாலும் ஒன்றே ஒன்றுதான் யோசிப்பேன்: இதைக் கழற்றாமல் படம் எடுக்க முடியுமா? முடியாது என்றால் அது பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுபோவதற்கு மட்டும்தான்.

ஃபிலிம் கேமராக் காலத்தில் தோலுறை ஒன்று வரும். அதன் பெயர் ‘எவர் ரெடி கேஸ்’. படம் எடுப்பவர்களே அதை ‘நெவர் ரெடி கேஸ்’ என்று கிண்டல் செய்தார்கள். போதாததற்கு, தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். அந்த உறை இன்று அதிகம் இல்லை. படத்தைத் தவறவைக்கும் அதன் வேலையை லென்ஸ் மூடி செய்துகொண்டிருக்கிறது. தெருவில் இறங்கிய பிறகு மூடிக்கு இடம் உங்கள் சட்டைப் பைதான். லென்ஸைக் காப்பாற்ற அதன் முனையில் மாட்டும் ஹுட் என்ற வளையம் போதும். இடித்தால் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும், சாய்வாக விழும் தூறலையும் பக்கத்தில் நிற்பவர் விரலையும் கண்ணாடிக்கு வரவிடாது. ஆனால் ஹுட்டைத் திருப்பி மாட்டிய நிலையிலேயே படம் எடுக்கும் நண்பர்களை நிறையப் பார்க்கிறேன். அப்படி இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. ஜூம் வளையத்தையும் மறைத்துவிடும். லென்ஸ் முன்னால் திருகி மாட்டும் யூவி ஃபில்டர் கண்ணாடி கடற்கரையிலும் புழுதியிலும் உதவும். இரவில் சீரியல் விளக்கு முன்னால் மலிவான ஃபில்டர் போட்டு எடுத்தால், ஒவ்வொரு பல்புக்கும் ஒரு பொய் வெளிச்சம் படத்தில் மிதக்கும். அந்த நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

துருத்தித் தண்ணீருக்கு என்ன செய்வது? தடிமனான, நிறமில்லாத பாலிதீன் கவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் ஹுட் அளவுக்குத் துளை போட்டு, ஹுட்டை அதன் வழியாக வெளியே தள்ளி, ரப்பர் பேண்ட் போடுங்கள். கவரின் வாய்ப்பக்கமாகக் கை உள்ளே போகும். கேமரா மூடியிருக்கிறது, கண்ணாடி திறந்திருக்கிறது, விரல் ஷட்டரில் இருக்கிறது. அந்த முதல் வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து எனக்கு இதுதான்.

‘வெதர் சீல்டு’ என்று எழுதியிருக்கிறதே, எதற்குக் கவர் என்று கேட்பவர்கள் உண்டு. அது தூறலுக்கும் தூசிக்கும்தான். பாடியில் சீல் இருந்து, லென்ஸ் பொருந்தும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையென்றால் தண்ணீர் அந்த வழியாகவே போகும். கேமராவோடு சேர்த்து வரும் விலை குறைந்த கிட் லென்ஸ்கள் பலவற்றில் அந்த வளையம் கிடையாது.

சரி, கேமரா வெளியே வந்துவிட்டது. அப்போதும் படம் தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்விட்ச். பேட்டரி தீர்ந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் அணைக்கிறோம். அணைக்க வேண்டாம், அதுவே சற்று நேரத்தில் தூங்கிவிடும். ஷட்டரை அரை அழுத்து அழுத்தினால் எழுந்துகொள்ளும். கூடுதலாக ஒரு பேட்டரி வைத்துக்கொண்டால் அந்தக் கவலையே இல்லை. அடுத்தது, நேற்று இரவு கல்யாண வரவேற்புக்கு வைத்த ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 6400 இன்று காலை வெயிலிலும் அப்படியே இருப்பது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு மாற்றி, ஷட்டர் வேகம் 1/500க்குக் கீழே போகாதபடி வைத்துவிடுங்கள். நல்ல வெளிச்சம் இருந்தால் லென்ஸ் துவாரம் எஃப் 8. ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ள) கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து 3 மீட்டரில் கையால் ஃபோகஸ் செய்துவிட்டால், ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாகவே விழும். ஃபோகஸுக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. இன்னொன்று: கார்டு இல்லாமலே ஷட்டர் விழும்படி சில கேமராக்களில் இருக்கும். மெனுவில் தேடி அதை நிறுத்துங்கள். கார்டு கம்ப்யூட்டரில் இருக்க, அரை மணி நேரம் வெறும் ஷட்டரை அடித்தவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பாவமாக இருந்தது.

கேமரா வாரைக் கழுத்தில் நேராகத் தொங்கவிட்டால் குனியும்போதெல்லாம் ஊஞ்சலாடிப் படிக்கட்டில் இடிக்கும். குறுக்காகப் போட்டு இடுப்போரம் விடுங்கள்.

ஏசி அறையில் தங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்திரையில் மதுரை லாட்ஜில் இரவெல்லாம் குளிர்ந்த லென்ஸை விடியற்காலை மூன்றரைக்குத் தெருவுக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் ஈரம் கண்ணாடியில் பனியாகப் படியும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். அறையைவிட்டுக் கிளம்பும் முன்பே கேமராவை ஜிப்லாக் கவரில் காற்றுப் புகாமல் மூடி வெளியே கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் பனி கவர் மேல்தான் படியும். அதைவிட எளிது, படுக்கும்போதே கேமராப் பையை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுவது.

லென்ஸை வேட்டி நுனியாலும் துப்பட்டாவாலும் துடைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். மணல் துகள் ஒன்று இருந்தாலும் கீறல் விழும். முதலில் ப்ளோயரால் ஊதுங்கள், பிறகு மைக்ரோ ஃபைபர் துணி. காசிமேடு போல உப்புக் காற்று அடிக்கும் இடத்துக்குப் போய்வந்தால், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பாடியை ஒற்றி எடுத்து, உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, நான் பார்த்தவரை மழையில் கெட்ட கேமராக்களைவிடப் பீரோவுக்குள் கெட்டவைதான் அதிகம். விசேஷத்துக்கு மட்டும் எடுப்போம் என்று பையோடு பூட்டிவைப்பார்கள். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குத் தோதாகிவிடும். நம் கடலோர ஊர்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால், லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்து மேற்பூச்சையே அரித்துவிடும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் படம் எடுக்கப்படும் லென்ஸுக்கு இந்த ஆபத்து குறைவு. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரை கேபினட் வாங்க முடியாதவர்கள், ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் சமையல் பாத்திரத்தில் வேண்டாம். அந்த நீலத்துக்குக் காரணமான கோபால்ட் குளோரைடு உடம்புக்குக் கெடுதல்.

கேமரா நனைந்தேவிட்டால் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள், அரிசிக்குள்ளும் புதைக்காதீர்கள். அரிசித் தூசி உள்ளே போய்விடும். பேட்டரியையும் கார்டையும் உடனே கழற்றிவிட்டு, மூடிகளைத் திறந்தபடியே ஃபேன் காற்றில் ஒரு நாளாவது உலரவிடுங்கள். பையையும் வாரையும் வெயிலில் காயப்போடுங்கள். கேமராவுக்கு நிழல்.